மட்டக்களப்பு விசர்ப் பஞ்சாங்கம்

கலண்டரில் ராகுகாலம், எமகண்டம், சுபநேரம் எல்லாம் அச்சடித்திருக்கும். ஆனால் மட்டக்களப்பில் ஒருவர் எத்தனை மணிக்கு எழும்புவார், வீட்டுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பார், தங்கச்சியின் கலியாணத்தில் கடைசிப் பந்திவரைக்கும் நிற்பாரா என்பதெல்லாம் அதில் இருக்காது. அதைத் தீர்மானிப்பது அவருக்குப் பிடித்திருக்கிற விசர், அதாவது பைத்தியம். பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற சங்கதி இல்லை. பத்திரிகையில் இதை 'ஆர்வம்' என்பார்கள், வேலைக்கு விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் 'பொழுதுபோக்கு' என்று எழுதுவார்கள். பொழுதை மட்டும் போக்கினால் அது பொழுதுபோக்கு. காசு, நித்திரை, சோற்று நேரம், வீட்டாரின் பொறுமை எல்லாவற்றையும் சேர்த்துப் போக்கினால் அது விசர்.

விசர் பிடித்தவரைக் காலை 5 மணிக்கே கண்டுபிடித்துவிடலாம். எழும்பியதும் முகம் கழுவ மாட்டார். முற்றத்தில் இறங்கிக் காற்றைப் பார்ப்பார். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிறது கச்சான். கொறிக்கிற கச்சான் இல்லை, கொடியில் போட்ட சாரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் பப்படமாக்குகிற கச்சான். ஐப்பசி கழிந்தால் வடகிழக்கிலிருந்து மழையோடு வாடை வரும். எங்கட ஊர் விசர்கள் எல்லாம் இந்த இரண்டு காற்றுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

முதலில் தூண்டில் விசர். எண்ணிக்கையில் பெரியது, செலவில் சிறியது என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிப்பது.

இதன் தலைமைப்பீடம் கல்லடிப் பாலம். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் 2013 இல் திறந்த புதுப் பாலம். கீழே ஓடுவதைப் புத்தகத்தில் வாவி என்பார்கள், ஊரில் ஆறு. பௌர்ணமி இரவில் தோணியில் போய்ச் சவளை, அதாவது துடுப்பை, தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது இந்த ஆற்றின் புகழ். தூண்டில்காரருக்கு அதில் அக்கறை கிடையாது. பாடுகிற மீன் இரை எடுத்ததாக இன்றுவரைக்கும் யாரும் சொன்னதில்லை.

தொடங்குவதற்குத் தேவையானவை கொஞ்சம்தான். வெற்றுப் போத்தல் ஒன்று, அதில் சுற்ற 0.40 மில்லிமீற்றர் தங்கூசி, அதுதான் நைலோன் நூல், 50 மீற்றர், 10 முதல் 20 கிராம் ஈயம், முள்ளு நாலைந்து. நீரோட்டம் கூடினால் ஈயத்தின் நிறையும் கூட வேண்டும். ஈயம் நிலத்தைத் தொட்டதும் தங்கூசி ஒருமுறை தளர்ந்து கொடுக்கும். தளராமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஈயம் காணாது, இரை அந்தரத்தில் ஊஞ்சல் ஆடுகிறது.

விசரின் முதல் பாடம் முடிச்சு. தங்கூசியை முள்ளின் காதுக்குள்ளால் விட்டு, நூலின் மேலேயே 5 தரம் சுற்றி, முனையைக் காதுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும் சின்ன வளையத்துக்குள்ளால் எடுக்க வேண்டும். மறுகா புதிதாக விழுந்த பெரிய வளையத்துக்குள்ளாலும் எடுத்து, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்க வேண்டும். எச்சில் அருவருப்பு என்று விடுகிறவர்தான் பிறகு கதை சொல்கிறவர். காய்ந்த தங்கூசியை இறுக்கினால் உரசி, சூடேறி, முடிச்சு விழுந்த இடத்திலேயே பலம் போய்விடும். "எருமைக்கண்டு மாதிரி ஒண்டு, அறுத்துக்கொண்டு போயிட்டுது" என்று சொல்கிறவரிடம் மிஞ்சிய நூலைக் காட்டச் சொல்லுங்கள். முனை பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது, மீனில் குற்றமில்லை. முனை சுரசுரவென்று தேய்ந்திருந்தால் பாலத்துக் காலிலோ மட்டிச் சிப்பியிலோ உரசியிருக்கிறது. நேராக வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் கதையை மேற்கொண்டு கேட்கலாம்.

அந்த வெட்டுக்குப் பெரும்பாலும் உரிமை கோரக்கூடியது கொடுவா. அதன் செவிள் மூடியின் ஓரம் சவர அலகு. வாயில் முள்ளுக் கொளுவியதும் தலையை உதறும், அந்த உதறலில் தங்கூசி செவிளில் பட்டால் முடிந்தது. அதனால் முள்ளுக்கு மேலே முக்கால் மீற்றர் அளவுக்கு 0.60 மில்லிமீற்றர் தடித்த தங்கூசி போட வேண்டும். இரை உயிர் இறால். கொம்புக்குக் கீழே, ஓட்டுக்குள்ளால் தெரிகிற கறுப்புப் பொட்டில் படாமல் முள்ளை ஏற்றினால் இறால் நெடுநேரம் துள்ளிக்கொண்டிருக்கும். பொட்டில் குத்தினால் அந்த நிமிடமே செத்துவிடும், செத்த இறாலுக்கு வருவது கெளுத்தி.

கெளுத்தி வந்தால் சந்தோஷப்படுவதற்கு முதல் கையைப் பாருங்கள். முதுகில் ஒரு முள்ளு, செட்டையில் பக்கத்துக்கு ஒன்று, மூன்றும் விஷம். குத்திவிட்டால் கையைப் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அந்த விஷம் சூட்டில் சிதையும், வலி இறங்கும். முள்ளு உள்ளே முறிந்திருந்தால், வீக்கம் ஏறினால், டொக்டரிடம் போவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. ஐஸ் வைப்பது பாலத்து வைத்தியம், நோவைக் கூட்டும்.

நேரம் பார்ப்பதில் இவர்கள் ஐயரைவிடக் கடும் கணக்கு. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வித்தியாசம் கொஞ்சம் தெரியும். தண்ணீர் போக்கு மாறுகிற அந்த அரை மணித்தியாலம்தான் கொடுவாவின் சாப்பாட்டு நேரம். அது பொழுது கிளம்புகிற நேரத்தோடோ படுகிற நேரத்தோடோ சேர்ந்துவிட்டால் கந்தோரில் ஒரு வயிற்றுவலி லீவு நிச்சயம். பௌர்ணமிக்கு அரசாங்கமே லீவு தருவதால் அன்றைக்கு வயிறு வலிப்பதில்லை. இந்தக் கணக்கெல்லாம் முகத்துவாரத்தில் ஆற்றுவாய் திறந்திருக்கும்போதுதான். கோடையில் மண் மூடிக் கிடந்தால் ஆறு குளம்தான், வற்றும் இல்லை பெருக்கும் இல்லை. அப்போதும் கலண்டரைப் பார்த்து லீவு போடுகிறவருக்கு விசர் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மாரியில் ஆற்றுவாய் திறந்த கையோடு போய் வாயிலேயே நிற்பது வேறு வகை. வெள்ளம் கடலுக்கு இழுக்கிற இழுவையில் காலுக்குக் கீழே மணல் கரையும். அங்கே மீன் நிற்கும் என்பது உண்மை. மனிதர் நிற்கக் கூடாது என்பதும் உண்மை.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பு உதவும். ஃபோனில் "இந்தா வெளிக்கிட்டுட்டன்" என்றால் இரை இன்னும் 10 இருக்கிறது. "இந்தா வந்திட்டன்" என்றால் 3 இருக்கிறது. ஃபோனே எடுக்கவில்லை என்றால் மீன் கொத்திக்கொண்டிருக்கிறது. கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் காசுக்குச் சந்தையில ரெண்டு கிலோ வாங்கியிருக்கலாமேகா?" கணக்கில் அது முழுக்க முழுக்கச் சரி என்பதால்தான் கேட்கக் கூடாது.

இரண்டாவது அந்தூரியம் விசர். தூண்டில்காரரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற வீட்டில்தான் இது பெரும்பாலும் காணப்படும். அடையாளம், வீட்டில் நல்ல வாளி ஒன்றும் இருக்காது, எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை போட்டிருக்கும்.

அந்தூரியத்தை வெறும் மண்ணில் நட்டால் மாரியில் வேர் அழுகும். அதன் வேர் காற்றுக் கேட்கிற வேர். இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய உரிமட்டைத் துண்டு 2 பங்கு, சிரட்டைக்கரி 1 பங்கு, செங்கல் நொருங்கல் 1 பங்கு, மேலே ஒரு பிடி உக்கிய மாட்டெரு. மட்டையை அப்படியே போடக் கூடாது. ஒரு கிழமை ஊறப்போட்டு, தேத்தண்ணி நிறத்தில் இறங்குகிற சாயத்தை 2, 3 தரம் மாற்றி ஊற்ற வேண்டும். ஊறாத மட்டையில் நட்ட கண்டு சாகாது, வளரவும் வளராது, வருஷக்கணக்கில் அதே 3 இலையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இலை நுனி மண்ணிறமாகக் கருகினால் உடனே உரம் போடப் போகாதீர்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள வளவுகளில் கோடையில் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். அந்த உப்புத்தான் நுனியை எரிக்கிறது, உரமும் ஒருவகை உப்புத்தான். மாரியில் பீலித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்து, கச்சான் மாதங்களில் அதைக் காலையில் மட்டும் ஊற்ற வேண்டும். மூடாமல் வைத்தால் வளர்வது நுளம்பு, பிறகு சுகாதாரப் பரிசோதகர் வருவார். மேற்குப் பக்கம் நனைத்த சாக்குத் தொங்கவிட்டால் கச்சான் சூடு தணிந்து உள்ளே வரும்.

குட்டிக் கண்டைப் பிரிப்பதற்குக் குறைந்தது 3 வேராவது அதற்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அதற்கு முதல் பிரித்தால் தாயும் வாடும், பிள்ளையும் வாடும். ஆனால் இந்த விசரில் பிரிக்கிற நேரத்தை வேர் தீர்மானிப்பதில்லை, வருகிற ஆட்கள் தீர்மானிக்கிறார்கள். "நல்ல வடிவாயிருக்கு புள்ள" என்று ஒருவர் இலையைத் தொட்டால் கண்டு கேட்கிறார் என்று அர்த்தம். குடுக்காவிட்டாலும் போகும், களவெடுத்த கண்டுதான் நன்றாகப் பிடிக்கும் என்ற சாஸ்திரம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

புறா விசர் மூன்றாவது. கழுத்து நோவோடு தைலம் வாங்க வருகிற இளவட்டத்தைக் கண்டால் இரண்டே காரணம், ஒன்று ஃபோன், மற்றது ஹோமர், தூரத்தில் விட்டாலும் கூட்டுக்குத் திரும்பி வருகிற பந்தயப் புறா.

கூடு நிலத்திலிருந்து ஆளுயரத்தில், வாசல் வடகிழக்கைப் பார்க்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடை மழை நேரே உள்ளே வரும். ஒரு சோடிக்கு 60 சென்ரிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம். கம்பிவலைக் கண் அரை அங்குலத்துக்கு மேல் போனால் பாம்புக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. சோடி போடும் முட்டை 2, அடை 17, 18 நாள். குஞ்சு பொரித்து 6 முதல் 8 நாளுக்குள் கால் வளையம் போட்டுவிட வேண்டும். முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டி வைத்து வளையத்தை மேலே ஏற்றி, பிறகு அந்த விரலை மெதுவாக வெளியே இழுத்துவிட வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் கால் தடித்து வளையம் ஏறாது. முந்தினால் கழன்று எச்சத்துக்குள் கிடக்கும்.

தீனி ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 கிராம். பாதி சோளம், மிச்சத்தில் பயறும் கௌபியும் நெல்லும். அம்பாறைப் பக்கத்தில் உறவு இருந்தால் நெல்லுக்குச் செலவில்லை. பாசத்தில் அள்ளிப் போடுவதுதான் பெரிய பிழை. வயிறு நிறைந்த புறா நேரத்துக்குத் திரும்பி வரும், வந்து கூட்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டுக் கூரையில் அரை மணித்தியாலம் இறகு கோதும். பந்தயத்தில் கூட்டுக்குள் போன நேரம்தான் கணக்கு. அதனால் பறக்கவிடுவது எப்போதும் தீனிக்கு முதல்.

தூரத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். முதலில் 1 கிலோமீற்றர், பிறகு 3, மறுகா காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில். ஒவ்வொரு இடத்திலும் 2, 3 தரம் விட்டுப் பார்த்துத்தான் அடுத்த பஸ் ஏற வேண்டும். பின்னேரத்தில் விடக் கூடாது, புறா இரவில் பறக்காது, எங்காவது தென்னையில் தங்கினால் மரநாய்க்குச் சாப்பாடு. கச்சான் பலமாக அடிக்கிற நாளில் காற்று பக்கவாட்டில் வந்து கடல் பக்கம் தள்ளும், நேரம் கூடும். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அமைதியான காலையில் நல்ல ஹோமருக்கு முக்கால் மணித்தியாலம் போதும். கூடையோடு போன சொந்தக்காரர் பஸ்ஸில் திரும்பி வர அதைவிடக் கூட எடுக்கும். ஆகவே புறா வந்த நேரத்தைக் குறிக்க வீட்டில் ஒருவர் முற்றத்தில் அண்ணாந்துகொண்டு நிற்க வேண்டும். எல்லா வீட்டிலும் அது அம்மாதான். புறா விசரை நிறுத்தச் சொல்லித் திட்டத் தொடங்கிய அம்மாமார் ஒரு வருஷத்தில் "அந்தச் செங்கீறல் 7 நிமிஷம் பிந்தி வந்திருக்கு, என்னண்டு பார்" என்று சொல்கிற நிலைக்கு வருவது இப்படித்தான்.

பிந்தினால் தொண்டையைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சளாகப் பாற்கட்டிபோல் படிந்திருந்தால் நோய், தண்ணீர்ப் பாத்திரத்தால் மற்றதுகளுக்கும் பரவும். பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தால் பாதிப் பிரச்சினை வராது. மாரியில் நுளம்பு கடித்து அம்மை போடும். கூட்டுக்கு நுளம்பு வலை கட்டுகிறவர் பிள்ளையின் கட்டிலுக்கும் கட்டியிருக்கிறாரா என்று யாராவது பார்க்க வேண்டும்.

கூத்து விசர் தனி இனம். மற்ற விசர் ஆளைப் பிடிக்கும், இது ஊரையே பிடிக்கும். ஆற்றுக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் உண்டு, ஆனால் ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாண்மை வெட்டி நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் இது காய்ச்சல்போல வீடுவீடாகப் பரவும்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்துப் பாத்திரம் பிரித்துச் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் பாட்டு எழுதிய கொப்பி. அரசனுக்கு ஆசைப்படாதவர் கிடையாது. வடமோடி என்கிற கூத்து வகையில் அரசனுக்குக் கரப்புடுப்பு, இடுப்பைச் சுற்றிக் கூடைபோல விரிந்து நிற்பது, தலையில் கிரீடம், கையில் ஆயுதம். அத்தனையையும் சுமந்துகொண்டு ஆடிப் பாட வேண்டும். ஆட்டம் பழகும் மாதங்களில் பாரமில்லாமல் ஆடிவிட்டு, உடுப்பை அரங்கேற்றத்தன்று முதல்முறையாகக் கட்டினால் இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கும். அரிசிப் பையை இடுப்பில் கட்டிப் பழகினால் தப்பலாம். சதங்கையை வெறும் காலில் கட்டக் கூடாது, துணியை நாலு சுற்றுச் சுற்றி அதன் மேல் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விடியும்போது கணுக்கால் தோல் இருக்காது.

பயிற்சியில் தொடங்கி அரங்கேற்றம்வரை போகிற இந்தப் பாதையில் தொண்டைதான் முதலில் கட்டும். அடைத்த குரலோடு கத்திப் பழகினால் அரங்கேற்றத்தில் அரசன் ஊமை. இரண்டு நாள் பேசாமல் இருப்பதுதான் மருந்து, கொத்தமல்லித் தண்ணி அதற்குத் துணை. வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சொந்தக்காரர் இருக்கிற பக்கத்துக்கு மட்டும் ஆடுகிறவரை மற்ற மூன்று பக்கமும் ஞாபகம் வைத்திருக்கும்.

கூத்து முடிந்தும் பாத்திரம் இறங்க மாதக்கணக்காகும். துரியோதனன் ஆடியவர் கச்சேரிக்குப் படிவம் கொண்டுபோனாலும் வரிசையில் நிற்பதில் ஒரு மிடுக்கு இருக்கும். சோறு பிந்தினால் சபையைப் பார்ப்பதுபோலக் குசினியைப் பார்ப்பார். குசினியில் இருப்பவர் பாஞ்சாலி ஆடியவரின் தங்கச்சி என்றால் பதிலும் தாளக்கட்டோடு வரும்.

கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கிறவர்கள் விசர்ப் பொருத்தமும் பார்த்துவிடுவது நல்லது. தூண்டிலும் புறாவும் நல்ல பொருத்தம், இரண்டும் விடியப்புறம் எழும்புகிற சாதி. தூண்டிலும் அந்தூரியமும் மத்திமம். மீன் கழுவின தண்ணி ரோசாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நல்லது, அந்தூரியச் சாடியில் ஊற்றினால் எறும்பும் நாற்றமும்தான். புறாவும் அந்தூரியமும் பொருந்தவே பொருந்தாது. ஒன்று பீலித் தண்ணீரில் எச்சமிடும், மற்றது அந்தத் தண்ணீரை நம்பி இருக்கும். எச்சத்தை உரமாக்குவோம் என்று சமாதானம் பேசுகிறவர்கள் பச்சையாகப் போட்டு வேரை எரித்துவிடுவார்கள். தவிடோ உமியோ கலந்து 2, 3 மாதம் உக்கவிட்டுத்தான் போட வேண்டும், அதுவரை சமாதானம் தாங்க வேண்டும். கூத்தும் தூண்டிலும் ஒரே ஆளுக்கு வந்தால் இரவு 1 மணிவரை ஆட்டம், 4 மணிக்கு ஆறு. அவருக்கு வேலை கொடுத்திருக்கிறவர் பாவம்.

கடைசியாக வெள்ளிக்கிழமை. இந்தப் பஞ்சாங்கத்தில் தோஷமுள்ள நாள் இது ஒன்றுதான். சைவ வீட்டில் அன்றைக்கு மரக்கறி, ஆறோ நாள் பார்ப்பதில்லை, வருஷத்தில் பெரிய கொடுவா வெள்ளிக்கிழமைதான் வரும். விடவும் மனம் வராது, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பாலத்தடியிலேயே செவிளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, குடலையும் செவிளையும் எடுத்துவிட வேண்டும், எங்கள் சூட்டில் முதலில் கெடுவது அவைதான். மீனின் நிறைக்குச் சமனான நிறை ஐஸ், வயிற்றுக்குள்ளும் ஐஸ், உருகுகிற தண்ணீர் வடியப் பெட்டியின் அடியில் ஓட்டை. தண்ணீரில் ஊறிய மீன் சனிக்கிழமை பஞ்சுதான். பெட்டியை நேரே வெள்ளிக்கிழமை பார்க்காத கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுபோய், "காக்கா, நாளைக்கு வந்து எடுக்கிறன்" என்று பிறிஜ்ஜில் வைத்துவிட்டு வர வேண்டும். அடுத்த நாள் போகும்போது நடுமுறி குறைந்திருந்தால் வாய் திறக்கக் கூடாது. பாலத்தில் 6 கிலோ என்று சொன்ன அந்த மீனின் உண்மையான நிறை அந்த வீட்டுத் தராசுக்கு மட்டும்தான் தெரியும்.